உப்புக் காற்றுக்கு ஒரு ஃபிளாக்ஸ் வேலி

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்களுக்குச் சொந்தமான பொருள் ஒன்று அவர்களிடம் இருக்கிறதாம். விசாரணை முடிந்துவிட்டதால் அடையாள அட்டையோடு வந்து வாங்கிக்கொள்ளலாம், குறித்த நாளுக்குள் வராவிட்டால் அழித்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். பொருளின் விவரம்: கத்தி, ரொட்டி வெட்டுவது, ஒன்று.

அது என் கணவருடைய கத்தி. அதை வைத்து அவர் ஒருநாளும் ரொட்டி வெட்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால், கடல் பக்கம் வளர்த்த செடிகளில் பழுத்த இலைகளை அறுக்க வைத்திருந்தார். போலீஸ் அதை எடுத்துக்கொண்டு போய் வரும் செவ்வாயோடு ஒரு வருடம் ஆகிறது. நான் போய் வாங்கப் போவதில்லை.

ஆனால் கடிதத்தை மடித்து வைத்த பிறகு, நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. தமிழ்நாட்டிலிருந்து போன் செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி கேட்கிறார்கள். "அங்க ஏதோ போலீஸ் கேஸாமே?" என்பார்கள். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவார்கள். எல்லோருக்கும் சேர்த்து இதுதான் பதில்.

2

என் கணவர் பெயர் தங்கதுரை. தூத்துக்குடிக்காரர். நான் மாலதி, சென்னை வில்லிவாக்கம். கல்யாணமான கையோடு இந்த நாட்டுக்கு வந்தோம். இருபத்தேழு வருடமாகிறது. முதலில் சன்னிவேலில் அடுக்குமாடி வீடு. அபிநயா அங்கேதான் பிறந்தாள். எங்களுக்கு ஒரே பெண். அவள் கல்லூரிக்குப் போனதும், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஒரு சின்னக் கடலோர ஊரில் வீடு வாங்கிக்கொண்டு வந்தோம். அது அவருடைய ஆசை. "கடலப் பாக்காம இருவது வருசம் இருந்தாச்சு, போதும்" என்றார்.

இந்தக் கடலை நீங்கள் மெரினா மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. கால் நனைக்க முடியாத குளிர். பாதி நாள் பனிமூட்டத்தில் கடல் இருப்பதே தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். எங்கள் பின்வேலியைத் தாண்டினால் நகராட்சியின் நடைபாதை. அதைத் தாண்டினால் செங்குத்தாக மண் சரிவு, கீழே அலை. மத்தியானம் ஆனால் காற்று ஆரம்பிக்கும். உப்புக் காற்று.

முதல் வருடம் நான் வைத்த எதுவும் பிழைக்கவில்லை. கறிவேப்பிலை பத்து நாளில் கருகியது. மல்லிகையின் இலை ஓரமெல்லாம் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி ஆகிவிட்டது. "தூத்துக்குடில எங்க வீட்டு இரும்புத் தாப்பாளையே உப்பு தின்னுட்டுப் போயிரும். நீ மல்லியப் பூ வைக்க" என்று சிரித்தார். பிறகு ஒரு சனிக்கிழமை நர்சரிக்குப் போய், அங்கிருந்த வயதான அம்மாவிடம், உப்பும் காற்றும் தாங்குகிற செடி எது என்று கேட்டார். அந்த அம்மா காட்டியதுதான் நியூசிலாந்து ஃபிளாக்ஸ்.

ஃபிளாக்ஸ் என்றால் என்ன என்று அகராதியில் பார்த்தேன். ஆளி என்று இருந்தது. ஆளிவிதைச் செடி எனக்குத் தெரியும், நீலப் பூ பூக்கும், மெலிந்த செடி. இது வாள் வாளாக நின்றது. பெயர்தான் ஒன்று, இரண்டுக்கும் உறவே இல்லை. பார்ப்பதற்கு நம் ஊர் ரயில்பாதை ஓரத்துக் கற்றாழையையும் தாழம்புதரையும் சேர்த்துச் செய்த மாதிரி இருக்கும். ஆனால் முள் கிடையாது, சதைப்பற்றும் கிடையாது. இலைக்குள் முழுக்க நார். கையால் கிழித்தால் நீளவாக்கில் கிழியும், குறுக்கே அறுக்கச் சாதாரண கத்திரி உதவாது. அதற்குத்தான் பல் வைத்த ரொட்டிக் கத்தி.

அவர் பதினோரு செடிகள் வாங்கி வேலி ஓரமாக இரண்டு முழ இடைவெளியில் நட்டார். என் தோழி பரிமளா, பிளெய்ன்ஸ்பரோவில் இருப்பவள், தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். பார்சலில் ஒரு பக்கக் கன்று அனுப்பினார். நியூஜெர்சியின் முதல் கடும் பனியிலேயே அது அழுகிவிட்டது. உப்பு, காற்று, வறட்சி எல்லாம் தாங்கும், மண் உறையும் குளிரை மட்டும் தாங்காது.

வளர்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் இரண்டு கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் போதும், பிறகு அதுவும் வேண்டாம். தண்ணீர் தேங்கினால்தான் வேர் அழுகும். எருவே கேட்காது. அடியில் இலைகள் சேருகிற இடத்தில் பிசின் மாதிரி ஒன்று ஊறும், கையில் ஒட்டினால் எளிதில் போகாது. அங்கேதான் மாவுப்பூச்சியும் ஒளிந்திருக்கும், இலையை விலக்கிப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கத்துப் பழைய இலைகளை மட்டும் அடியோடு சாய்வாக அறுக்க வேண்டும். நடுக்குருத்தைத் தொடக் கூடாது. நாலாவது வருடம் எங்கள் வேலி அவர் தலைக்கு மேலே நின்றது. அதற்கும் மேலே தண்டு விட்டு, மங்கிய சிவப்பில் பூத்தது. நம் ஊர்த் தேன்சிட்டு மாதிரிச் சின்னக் குருவிகள் வந்தன. வேலிக்கு உள்ளே காற்று அடங்கியது. எனக்கு மல்லிகை பூத்தது.

3

நகராட்சியின் நோட்டீஸ்களை நான் கண்டுபிடித்தது தற்செயலாக. தோட்டக் கொட்டகையில் காலித் தொட்டி ஒன்றை எடுத்தேன். உள்ளே மூன்று கடிதங்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. எங்கள் செடியின் இலைகள் பொது நடைபாதையில் நீண்டு நடப்பவர்களின் முகத்தில் படுகின்றன, உடனே வெட்டவும் என்றது முதல் கடிதம். இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாவது, நகராட்சி ஆட்களே வந்து வெட்டுவார்கள் என்று தேதியே குறித்திருந்தது. அந்தத் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

எங்கள் வீட்டில் கடிதம் எல்லாம் அவர் பொறுப்பு. வரி, இன்சூரன்ஸ், பாஸ்போர்ட் எதிலும் ஒரு நாள் தவறியதில்லை.

"என்னங்க இது? ஏன் எங்கிட்ட சொல்லல?"

கடிதத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடமே நீட்டி, "நீ வாசியேன்" என்றார்.

"கண்ணாடி போடலையா?"

"போட்டுத்தான் இருக்கேன். எழுத்து தெரியுது மாலதி. என்ன சொல்லுதாங்கன்னு வெளங்கல."

கடைசி வாக்கியத்தை அவர் மெதுவாகச் சொன்னார். வெட்கப்பட்டுச் சொன்னார். எத்தனை மாதமாக அவருக்கு அப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேலையிலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் அப்படியே நம்பியிருந்தேன்.

மறுநாள் நகராட்சிக் கவுன்ட்டருக்குப் போனேன். நாங்களே வெட்டிவிடுகிறோம், ஒரு மாதம் கொடுங்கள் என்றேன். கவுன்ட்டரில் இருந்த இளம்பெண் அன்பாகத்தான் பேசினாள். ஆட்சேபம் தெரிவிக்கும் காலம் முடிந்துவிட்டது, வேலை ஆணை ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது, இனி யாராலும் நிறுத்த முடியாது என்றாள். கணவருக்கு உடம்பு சரியில்லை என்றேன். மருத்துவச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. அப்போது என்ன நோய் என்றே எனக்குத் தெரியாது.

4

நரம்பியல் மருத்துவரிடம் நேரம் கிடைக்க வழக்கமாக நாலு மாதம் ஆகும். யாரோ ரத்து செய்ததால் எங்களுக்கு நாலாவது நாளே கிடைத்தது. ஞாபகப் பரிசோதனையை ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்கள். பாதியில் நான் குறுக்கிட்டு, தமிழில் கேளுங்கள் என்றேன். போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்.

"வணக்கம் ஐயா. இன்று எந்தக் கிழமை என்பதைத் தெரிவிக்கவும்."

அவர் என்னைப் பார்த்து, "இந்தம்மா ஏன் ரேடியோல நியூஸ் வாசிக்க மாதிரி பேசுதாவ?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கிழமை சரியாகச் சொன்னார்.

"இது எந்த மாதம் ஐயா?"

"ஐப்பசி."

போனில் இருந்த பெண் தயங்கினாள். ஒரு இந்திய மாதத்தின் பெயரைச் சொல்கிறார் என்று மருத்துவரிடம் ஆங்கிலத்தில் விளக்கினாள். மருத்துவர் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதினார். தவறு என்றுதான் எழுதினார், நான் பார்த்தேன். ஐப்பசி சரிதான் என்று நான் வாதாடினேன். வாதாடி என்ன ஆகப் போகிறது? அடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் போட்டார். எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பின்னால் கற்றுக்கொண்ட மொழி முதலில் போகலாம், சின்ன வயதில் பேசியது கடைசிவரை நிற்கலாம் என்று மருத்துவர் சொன்னார். "வீட்டில் உங்களோடு தமிழ் பேச ஆள் இருக்கிறார்களா?" என்று கேட்டார். நான் இருக்கிறேன் என்றேன். "குழந்தைகள்?" என்றார்.

5

அபிக்கு நாலு வயதாக இருந்தபோது அவளுடைய பாலர் பள்ளி ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, குழந்தை இரண்டு மொழியில் குழம்புகிறாள், வீட்டில் ஒரே மொழி பேசினால் நல்லது என்று சொன்னார். அந்தக் காலத்தில் அதை எதிர்த்துக் கேட்கத் தோன்றவில்லை. நான் அவ்வப்போது தமிழுக்கு நழுவிவிடுவேன். அவர் நழுவவே இல்லை. அன்றிலிருந்து மகளோடு ஆங்கிலம் மட்டும்தான். கணக்குச் சொல்லிக் கொடுத்ததும், கார் ஓட்டப் பழக்கியதும், சண்டை போட்டதும், சமாதானம் ஆனதும் ஆங்கிலத்தில்தான். அபிக்குத் தமிழ் கேட்டால் புரியும். அதிலும் என்னுடைய சென்னைத் தமிழ்தான் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும்.

இப்போது அவள் சியாட்டிலில் வேலை பார்க்கிறாள். ஞாயிறுதோறும் போன் செய்வாள். பரிசோதனைக்கு முந்தின புரட்டாசியில் ஒரு ஞாயிறு, அவர் போனைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"யாரோ வெள்ளக்காரப் புள்ள பேசுதா. என்னான்னு கேளு."

போன் அணைந்திருக்கவில்லை. அபி அதைக் கேட்டாள், புரிந்துகொண்டாள். "ஹி மஸ்ட் பி டயர்ட்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பரிசோதனை முடிவைச் சொன்னதும் ஒரு வார லீவு போட்டுவிட்டு வந்தாள். ஞாயிறு வந்து சேர்ந்தாள். செவ்வாய்க்கிழமை நகராட்சி ஆட்கள் வருகிற நாள்.

6

அவரை அன்று காலை எங்காவது வெளியே கூட்டிப் போய்விட வேண்டும் என்று நானும் அபியும் பேசி வைத்திருந்தோம். பதினோரு மணிக்கு மேல்தான் ஆட்கள் வருவார்கள் என்று கவுன்ட்டரில் சொல்லியிருந்தார்கள். நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவள். ஒன்பது மணிக்கு ஒரு மீட்டிங், அதை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று மாடியில் உட்கார்ந்தேன். காதில் ஹெட்போன். அபி கீழே, தெருப் பக்கத்துச் சமையலறையில் பாட்டு போட்டுக்கொண்டு வேலையாக இருந்தாள். அவர் வழக்கம்போல் கத்தியோடு பின்தோட்டத்துக்குப் போயிருந்தார்.

ஆட்கள் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள்.

மோட்டார் ரம்பத்தின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவர் கத்தியதும் கேட்கவில்லை. நடைபாதை பக்கமிருந்து மூன்று பேர் செடியைக் குருத்தோடு வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். அவர் வேலிக்கதவைத் திறந்துகொண்டு அவர்கள் நடுவே போய் நின்று, "ஏல, குருத்துல கைய வைக்காத! கைய எடுல!" என்று சத்தம் போட்டிருக்கிறார். கையில் கத்தி. வேலையாட்கள் பின்வாங்கி, போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

பிறகு அவர் வேலிக்குள் வந்து, மிச்சம் நின்ற செடிகளுக்கு முன்னால் நின்றுகொண்டார். இரண்டு போலீஸ்காரர்கள் நடைபாதை வழியாகவே உள்ளே வந்தார்கள்.

எதற்கோ தலையைத் திருப்பினேன். ஜன்னல் வழியே துப்பாக்கிகளைப் பார்த்தேன். இரண்டு. இரண்டும் அவரைப் பார்த்து நீண்டிருந்தன. ஹெட்போனைப் பிடுங்கியதும் சத்தம் வந்தது. "ட்ராப் த நைஃப்! ட்ராப் இட் நௌ!"

அவருக்கு அது புரியவில்லை. கத்தியைப் பற்றித்தான் ஏதோ கேட்கிறார்கள் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. இது வெறும் ரொட்டிக் கத்தி என்று காட்டுவதற்காக, அதை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.

நான் மாடிப்படியில் ஓடினேன். எங்கள் வீட்டில் பதினான்கு படி. கடைசிப் படிக்கு வருவதற்குள் அபியின் குரல் கேட்டது. ஆங்கிலத்தில் இரண்டு முறை கத்தினாள், ஒருமுறை அவரிடம், ஒருமுறை போலீசிடம். பிறகு, இருபது வருடமாக நான் அவள் வாயிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டேன். தமிழில் கத்தினாள்.

"அப்பா! விழு! கீழ விழு! விழு!"

கத்தியைக் கீழே போடு என்று சொல்ல நினைத்திருக்கிறாள். அந்த நேரத்தில் 'போடு' வரவில்லை. அகப்பட்ட சொல்லைச் சொன்னாள்.

நான் கதவருகே வந்தபோது அவர் விழுந்துகொண்டிருந்தார். தடுக்கி விழுகிறவர்களைப் போல இல்லை. சொன்னதைச் செய்கிற மாதிரி, முதலில் முழங்கால், பிறகு கை, பிறகு முகம். வெட்டிப் போட்ட இலைகளின் மேல் குப்புறப் படுத்தார். கத்தி தள்ளிப் போய் விழுந்தது. ஒரு போலீஸ்காரர் அதைக் காலால் ஒதுக்கினார். இன்னொருவர் அவர் முதுகில் முழங்காலை வைத்து விலங்கு போட்டார். இலை நுனி கீறி அவர் கன்னத்தில் ரத்தம் வந்தது.

"மாலதி, நான் என்ன செஞ்சேன்?" என்று தரையிலிருந்தே கேட்டார்.

இருவரில் மூத்த போலீஸ்காரர் அபியின் தோளைத் தட்டி, நீதான் அவரைக் காப்பாற்றினாய் என்றார். அது உண்மை. என்ன சொன்னாய் என்று கேட்டார். கத்தியைப் போடச் சொன்னேன் என்றாள். நான் திருத்தவில்லை.

7

அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் கண்காணிப்பு. நாலாவது நாள் சமூகப் பணியாளர் ஒருவர் எங்கள் முன்னால் உட்கார்ந்து, இவரை வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பில்லை என்றார். இப்போது அவர் ஃப்ரீமான்ட் பக்கம் ஞாபக மறதிக்காரர்களுக்கான ஒரு இல்லத்தில் இருக்கிறார். நல்ல இடம்தான். கடல் கிடையாது. தமிழ் தெரிந்தவர் யாரும் கிடையாது. வேலை முடித்து தினமும் நான் ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போகிறேன். போய், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறேன். பல நாள் அன்றைக்கு அவர் காதில் விழுகிற முதல் தமிழ் அதுவாகத்தான் இருக்கும்.

தூத்துக்குடியில் அவருடைய தங்கை செல்வி இருக்கிறாள். "இங்கன கூட்டிட்டு வந்துருங்க மைனி. நான் பாத்துக்கிடுதேன். தெருவுல இருக்கவன் பூராப் பேரும் அண்ணன்கூடப் பேசுவான்" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பயணக் காகிதங்களுக்கு விண்ணப்பித்தேன். கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் அவர் 'தங்கதுரை' என்று தமிழில் அழகாகப் போட்டார். பழைய ஆவணங்களில் இருப்பது ஆங்கிலக் கையெழுத்து. பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர் சார்பில் நான் கையெழுத்துப் போட நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதற்கு மனுப் போட்டு ஏழு மாதம் ஆகிறது. இந்த வேகத்தில் உத்தரவு வரும்போது அவர் விமானத்தில் உட்காரும் நிலையில் இருப்பாரா என்று செல்வி கேட்டாள்.

ஃபிளாக்ஸ் வேலியில் நாலு செடிகள் நிற்கின்றன. மற்ற ஏழில் இரண்டு அழுகிவிட்டன, ஐந்து அடியிலிருந்து துளிர்க்கின்றன. இடைவெளி வழியாகக் காற்று வருகிறது. மல்லிகையைப் பிடுங்கிவிட்டேன்.

அபியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இல்லத்தில் சேர்த்த முதல் இரண்டு மாதம், என்னைத் தவிர யாரும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தை பிறந்த பிறகுதான் அவள் வந்தாள். ஜன்னலோர நாற்காலியில் அவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். நான் முன்னால் போனேன், அவள் பின்னால் வந்தாள். "ஹாய் அப்பா" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். வரவேற்க எழுகிறார் என்று நினைத்தேன். மெதுவாக முழங்கால் போட்டார். கையை ஊன்றினார். தரையில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் தானே முதுகுக்குப் பின்னால் சேர்த்து வைத்துக்கொண்டார்.

அபி என்னைப் பார்த்தாள். "அம்மா, வை இஸ் ஹி டூயிங் தட்?"

அப்போதுதான் சொன்னேன். வேறு வழி இல்லை. "அன்னிக்கி நீ கத்தியப் போடுன்னு சொல்லல கண்ணா. விழுன்னு சொன்ன. அதான் விழுந்தார்."

அவள் தரையில் கிடந்தவரைப் பார்த்தாள். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில், எழுந்திருக்கச் சொல்ல என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாள்.

"எந்திரிங்க அப்பான்னு சொல்லு."

அவர் பக்கத்தில் குனிந்தாள். "எந்திரிங்க அப்பா" என்றாள். உச்சரிப்பு சரியாகவே இருந்தது. அவர் அசையவில்லை. இன்னொரு முறை சொன்னாள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அபி நிமிர்ந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அவிய போயிட்டாவளா?"

"போயிட்டாங்க."

"அப்போ நான் எந்திரிக்கட்டுமா?"

"எந்திரிங்க" என்று கை கொடுத்தேன். மூன்றாவது முயற்சியில்தான் அவரால் எழ முடிந்தது. நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினேன். கதவில் பதித்த சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அபி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் மாதம் ஒருமுறை சியாட்டிலிலிருந்து வருகிறாள். அந்தக் கண்ணாடிவரைக்கும் வருகிறாள்.